தோற்ற குழுவை எப்போது மாற்றுவது?



ஞாயிற்றுக்கிழமை மாலை. தோட்டத்துத் திடலில் காற்பந்தாட்டம் முடிகிறது. நம் குழு நான்கு கோல் வாங்கித் தோற்றுவிட்டது. பந்தும் வலையும் பள்ளிக்கூடத்து அறைக்குத் திரும்புவதற்கு முன்பே கடைவாசலில் தீர்ப்பு எழுதியாகிவிடும். "பழைய ஆளுங்களை எல்லாம் தூக்கிட்டுப் புது ஆளுங்களைப் போடுங்க சார். இவங்க தேற மாட்டாங்க!" இப்படிச் சொல்கிறவர் போன மாதம் இதே ஆட்டக்காரர்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடியவராகத்தான் இருப்பார். பத்து பாகாட்டிலும், யோங் பெங் பக்கத்துத் தோட்டங்களிலும் இந்தக் காட்சியைக் காணாத திடல் இல்லை.

தோற்றுக்கொண்டே வரும் ஒரு குழுவில் பெரிய மாற்றத்தை எப்போது செய்ய வேண்டும், எப்போது செய்யக் கூடாது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். இதை விளங்கிக்கொள்ள வெகுதூரம் போக வேண்டியதில்லை. நம் தேசியக் குழு இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை ஐந்து கோல் வாங்கித் தோற்றது. முதல் முறை, குழு பெரிய அளவில் மாறியது. இரண்டாம் முறை, ஏறக்குறைய அதே குழு தொடர்ந்து ஆடியது. இரண்டு முடிவும் சரியாகவே அமைந்தன. ஒரே அளவு தோல்விக்கு இரண்டு வகையான மருந்து எப்படிப் பொருந்தியது என்று கேட்கத் தோன்றும் அல்லவா?

முதல் தோல்வியைப் பார்ப்போம். அதன் வேர் 2007ஆம் ஆண்டில் இருக்கிறது. அந்த ஆண்டு ஆசியக் கிண்ணப் போட்டியை மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நான்கு நாடுகள் சேர்ந்து நடத்தின. நம் குழு சொந்த மண்ணில் சீனாவிடம் 1-5, உஸ்பெகிஸ்தானிடம் 0-5, ஈரானிடம் 0-2 என்று மூன்று ஆட்டங்களிலும் தோற்றது. மூன்று ஆட்டத்தில் பன்னிரண்டு கோல்! அதன் பிறகு பி. சத்தியநாதன் பயிற்றுநர் பொறுப்பை ஏற்றார். 2009 ஜனவரியில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில், அதுவும் சொந்த மண்ணிலேயே, ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-5 என்று நம்மவர்கள் மறுபடியும் வீழ்ந்தார்கள். சில வாரங்களில் சத்தியநாதன் விலக்கப்பட்டார்.

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். 2007இல் மெர்டேக்கா கிண்ணத்தை வென்ற 23 வயதுக்குட்பட்டோர் குழுவுக்குப் பயிற்சி கொடுத்தவரும் இதே சத்தியநாதன்தான். கன்று நட்டவர் வேறு, பால் வெட்டியவர் வேறு என்பது காற்பந்திலும் உண்டு. பழி மட்டும் நட்டவர் பேரில் நின்றுவிடுகிறது.

2009ஆம் ஆண்டின் நடுவில் பொறுப்பில் இருந்தவர் கே. ராஜகோபால். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடிய பழைய ஆட்டக்காரர். அவர் செய்தது துணிச்சலான காரியம். பேர்பெற்ற மூத்தவர்களைச் சுற்றிக் குழு கட்டாமல், இளைஞர்களைச் சுற்றிக் கட்டினார். அந்த இளைஞர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 'ஹரிமாவ் மூடா', அதாவது இளம்புலிகள் என்ற குழுவைக் காற்பந்துச் சங்கம் 2007லேயே தொடங்கியிருந்தது. அவர்களைத் தனியே வைத்துப் பழக்கியதோடு நிற்காமல், நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் பெரியவர்களோடு மோதவும் விட்டார்கள். 2009இல் அந்த லீக்கின் வெற்றியாளர்களே இந்தப் பையன்கள்தாம். அதே ஆண்டில் நம் லீக்கில் வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குத் தடையும் வந்தது. அது 2011 வரை நீடித்தது. கோல் அடிக்கும் இடத்தில் வெளிநாட்டார் நின்ற மாநிலக் குழுக்களில் நம்மூர்ப் பிள்ளைகள் நிற்க வேண்டியதாயிற்று.

ஆகவே, ராஜகோபால் பழையவர்களை எடுத்தபோது அந்த இடத்தில் நிற்க ஆள் இருந்தது. நின்று பழகிய ஆளாகவும் இருந்தது. 2009 டிசம்பரில் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில், முதற்சுற்றில் தங்களைத் தோற்கடித்த வியட்நாமையே இறுதியாட்டத்தில் 1-0 என்று வென்று தங்கம் வாங்கினார்கள். 1989க்குப் பிறகு, இருபது ஆண்டு கழித்து வந்த தங்கம்.

தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இன்று ஜொகூரில் எங்கு திரும்பினாலும் செம்பனையாக இருக்கலாம். ஆனாலும் பால்வெட்டிய கை நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். இலை உதிர்கிற மாதங்களில் பால் குறையும். விடியற்காலையில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டே இல்லை. அதற்காக யாராவது மரத்தை வெட்டிச் சாய்த்தார்களா? பட்டை தீர்ந்து, இரண்டாம் பட்டையும் தீர்ந்து, மரத்துக்கு இருபத்தைந்து முப்பது வயதாகி, எத்தனை ஆழமாக வெட்டினாலும் மங்கு நிறையாது என்ற நிலை வந்தபோதுதான் மறுநடவு. அதையும் தோட்டம் முழுவதும் ஒரே நாளில் செய்வதில்லை. ஒரு பகுதியை அழித்துக் கன்று வைப்பார்கள். அந்தக் கன்று வெட்டுக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவரை மற்றப் பகுதிகளின் பால்தான் எல்லாருக்கும் சோறு போடும். நாற்றுப் பண்ணையில் கன்று இல்லாமல் மரத்தைச் சாய்த்த நிர்வாகியைப் பார்த்திருக்கிறீர்களா? நாம் பார்த்ததில்லை.

காற்பந்துத் திடலில் மட்டும் பார்த்திருக்கிறோம். ஏனென்றால் அந்தக் காரியத்தைச் செய்தவர்களில் நாமும் உண்டு.

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியை விட்டு வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம். நம் பள்ளிக் குழுவை மாவட்டப் போட்டிக்கு அழைத்துப் போனோம். தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒன்பது பேர் ஆடும் ஆட்டம். முதல் ஆட்டத்தில் ஆறு கோல் வாங்கினோம். திரும்பும்போது பஸ்ஸில் ஒரு பிள்ளையும் பேசவில்லை. நமக்கு அவமானமாக இருந்தது. உண்மையைச் சொன்னால், பிள்ளைகளைவிட நமக்குத்தான் அதிக அவமானம். அடுத்த வாரம் ஐந்து பேரை நிறுத்திவிட்டு நான்காம் ஆண்டு மாணவர்களைப் போட்டோம். ஏழு கோல் வாங்கினோம்.

நிறுத்தப்பட்டவர்களில் கோல் காவலனும் ஒருவன். அதன் பிறகு அவன் திடல் பக்கமே வரவில்லை. மாலையில் மற்றவர்கள் ஆடும்போது வேலிக்கு அப்பால் சைக்கிளில் போவான். பல ஆண்டு கழித்து அவனைச் செம்பனை ஆலை வாசலில் லோரி ஓட்டுநராகப் பார்த்தோம். நலம் விசாரித்தான், தேநீர் வாங்கிக் கொடுத்தான், கிளம்பும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்: "சார், அன்னிக்கு அந்த அஞ்சாவது கோல் என் தப்பு இல்ல சார். பந்து நம்ம ஆள் கால்ல பட்டுத் திரும்பிருச்சு." அவன் சொன்னதுதான் சரி. அன்றைக்கே நமக்கு அது தெரிந்திருக்க வேண்டும். நாம் கோல்களை எண்ணினோமே தவிர, ஒவ்வொரு கோலும் எப்படி விழுந்தது என்று பார்க்கவில்லை.

இனி இரண்டாவது ஐந்து கோலுக்கு வருவோம். 2010 டிசம்பர் 1ஆம் தேதி. ஜகார்த்தாவில் ஆசியான் நாடுகளின் சுசுகி கிண்ணப் போட்டி. முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியா நம்மை 5-1 என்று அடித்துவிட்டது. அன்று இரவு நம் ஊர்க் கடைகளில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. எல்லாரையும் மாற்று, பயிற்றுநரையும் மாற்று!

ராஜகோபாலுக்கு முன்னால் இருந்த கேள்வி, இது பட்டை தீர்ந்த மரமா, மழைநாள் வெட்டா என்பதுதான். குழுவின் பெரும்பகுதி இருபது வயதைச் சில ஆண்டுகளே தாண்டிய இளைஞர்கள். ஓராண்டுக்கு முன் தங்கம் வாங்கிய கால்கள். தோற்றது ஜகார்த்தாவில், அந்த ஊர்க் கூட்டத்தின் இரைச்சலுக்கு நடுவில். கால் ஓய்ந்து தோற்கவில்லை, நிலை குலைந்து தோற்றார்கள். நிலை குலைவதற்கு மருந்து வேறு ஆள் அல்ல. போட்டிக்குப் பெயர் கொடுத்த பட்டியலுக்கு வெளியே ஆள் தேடவும் வழியில்லை. அவர் குழுவின் உடலை அப்படியே வைத்துக்கொண்டு, இடங்களைச் சீர் செய்தார். தாய்லாந்துடன் 0-0. லாவோசை 5-1. இரண்டாம் இடத்தில் அரையிறுதிக்கு நுழைந்தார்கள். வியட்நாமைக் கோலாலம்பூரில் 2-0 என்று வென்று, ஹனோயில் ஒரு கோலும் விடாமல் சமன் செய்தார்கள்.

இறுதியாட்டத்தில் எதிரே நின்றது மறுபடியும் இந்தோனேசியா. டிசம்பர் 26ஆம் தேதி புக்கிட் ஜாலிலில் 3-0. மூன்றாம் நாள் ஜகார்த்தாவில் இரண்டாவது ஆட்டம். தொடக்கத்திலேயே இந்தோனேசியாவுக்குப் பினால்டி கிடைத்தது. கோல்கம்பத்தில் நின்ற 21 வயது கைருல் பாஹ்மி அதைப் பிடித்துவிட்டார். அந்த ஆட்டத்தில் 1-2 என்று தோற்றாலும், மொத்தக் கணக்கில் 4-2. நாட்டுக்கு முதன்முறையாக அந்தக் கிண்ணம் வந்தது. ஐந்து கோல் வாங்கிய நாளிலிருந்து எண்ணினால் இருபத்தெட்டே நாள். டிசம்பர் 31ஆம் தேதியைப் பொது விடுமுறையாக அரசாங்கம் அறிவித்தது. பள்ளிக்கூடம் ஏற்கெனவே ஆண்டிறுதி விடுமுறையில் இருந்ததால் நம் மாணவர்களுக்கு அதில் லாபம் ஒன்றுமில்லை என்று அப்போது குறைபட்டுக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் போட்டியில் ஐந்து கோல் அடித்து முதலிடம் பெற்ற சஃபீ சாலி சின்னப் பையன் அல்லர். அவருக்கு அப்போது 26 வயது. குழுத் தலைவர் சஃபிக் ரஹிமுக்கு 23. எஸ். குணாளன், கே. குருசாமி என்று நம் பிள்ளைகளும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இளையவர், மூத்தவர் கலந்த குழு அது. பெரிய மாற்றம் என்றால் எல்லாரையும் எடுத்துவிடுவது என்று பொருளில்லை. எந்த நிரையை விட்டு எந்த நிரையை அழிப்பது என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே ஆண்டில் நட்ட மரங்கள் ஒரே ஆண்டில் கிழடாகும். இதற்கும் நம் காற்பந்தில் சான்று உண்டு. பெரியவர்கள் இன்றும் நினைத்து நினைத்துப் பேசும் குழு 1970களின் குழு. 'சிலந்தி மனிதர்' என்று பேர் வாங்கிய கோல் காவலர் ஆர். ஆறுமுகம், தற்காப்பில் சோ சின் ஆன், சந்தோக் சிங், முன்னால் மொக்தார் டஹாரி. 1980 ஏப்ரலில் மெர்டேக்கா அரங்கில் தென்கொரியாவை 2-1 என்று வென்று மாஸ்கோ ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்றார்கள். நாடு அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அவர்கள் போகவில்லை. அது வேறு கதை. நாம் பார்க்க வேண்டியது அவர்கள் பிறந்த ஆண்டுகளை. நால்வரும் 1950களின் தொடக்கத்தில் பிறந்தவர்கள். நன்றாக ஆடிக்கொண்டிருந்த காலத்தில் அவர்களை எடுக்க யாருக்கு மனம் வரும்? எடுத்திருந்தால் ரசிகர்கள் விட்டிருப்பார்களா? ஆனால் அவர்கள் ஒன்றாக ஆடியதுபோலவே ஒன்றாக முதிர்ந்தார்கள். அதன் பிறகு மலேசியா ஒலிம்பிக் காற்பந்துக்குத் தகுதி பெறவே இல்லை. இதற்குக் காரணம் பல இருக்கலாம். ஆட்கள் சேர்ந்தாற்போல் கிழடானது அவற்றில் ஒன்று என்பது நம் கருத்து. மாற்றத்தைத் தொடங்க நல்ல நேரம் தோற்கும் நேரமன்று, வென்றுகொண்டிருக்கும்போதே பக்கத்தில் இரண்டு கன்றை நட்டு வைப்பதுதான் என்று சொன்னால் கடைவாசலில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

பணம் இருந்தால் நாற்றுப் பண்ணை எதற்கு, வளர்ந்த மரத்தையே வாங்கலாமே என்று சிலர் கேட்கலாம். நம் ஜொகூர் மாநிலக் குழு 2013இல் அப்படித்தான் செய்தது. புதிய நிர்வாகம், டாருல் தாக்சிம் என்ற புதிய பெயர், இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் பேர்போன ஆட்டக்காரர்கள். 2010 கிண்ணத்தை வென்ற சஃபீ சாலி, சஃபிக் ரஹிம், நோர்ஷாருல் ஆகியோரும் ஜொகூருக்கே வந்தார்கள். முதல் ஆண்டில் கிண்ணம் ஒன்றும் கிட்டவில்லை. எஃப்.ஏ. கிண்ண இறுதியாட்டத்தில் கிளந்தானிடம் 0-1 என்று தோற்றார்கள். லீக் பட்டம் 2014இல்தான் வந்தது. 2015இல் ஆசியக் காற்பந்துச் சம்மேளனக் கிண்ணத்தையும் வென்றார்கள். தென்கிழக்காசியக் கழகம் ஒன்று அதை வென்றது அதுவே முதல் தடவை. பணம் செலவழித்தவர்களுக்கே ஓராண்டு பொறுமை தேவைப்பட்டது. அவர்களும் வாங்கியதோடு நிற்கவில்லை. இரண்டாம் குழு, இளைஞர் குழு என்று கீழே அடுக்கடுக்காக வைத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இன்னொரு வழி உண்டு. அங்கே பள்ளி, கல்லூரி இளைஞர்களைக் கழகங்கள் வரிசை வைத்துத் தேர்ந்தெடுக்கும். கடைசியில் வந்த குழுவுக்கு முதல் தேர்வு கிடைப்பது நெடுங்கால வழக்கமாக இருந்தது. ஆகவே தேறாத குழு ஒன்று, மூத்தவர்களை விற்றுவிட்டு, சில ஆண்டு தோற்றாலும் பரவாயில்லை என்று இளைஞர்களைச் சேர்க்கும். ஹூஸ்டன் நகரக் குழு அப்படி 2011 முதல் மூன்று ஆண்டு தொடர்ந்து நூறு ஆட்டத்துக்கு மேல் தோற்று, 2017இல் பட்டம் வாங்கியது. எதிராளியின் சைகைகளை முறைகேடாகத் திருடினார்கள் என்று பின்னர் உறுதியாகி, அந்தப் பட்டத்தின் மேல் கறை படிந்தது தனிக் கதை. நமக்கு இந்த வழி பொருந்தாது. நம் மாவட்டப் போட்டியில் கடைசியாக வருகிறவனுக்குப் பரிசாக யாரும் நல்ல ஆட்டக்காரனைக் கொடுப்பதில்லை.

ராஜகோபால் குழுவின் பிற்கதையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2011இல் ஓங் கிம் சுவீ பயிற்சியில் அடுத்த இளைஞர் குழு ஜகார்த்தாவிலேயே இந்தோனேசியாவைப் பினால்டியில் வென்று மறுபடியும் தங்கம் வாங்கியது. அதே நாற்றுப் பண்ணையின் இரண்டாம் விளைச்சல் அது. ஆனால் தேசியக் குழு மெல்ல மெல்லச் சரிந்தது. 2015 செப்டம்பரில் அபுதாபியில் அதே ஐக்கிய அரபுச் சிற்றரசுகளிடம் 0-10 என்று தோற்றோம். பத்து கோல்! பயிற்றுநர் டோல்லா சாலே விலகினார். ஹரிமாவ் மூடா திட்டமும் அந்த ஆண்டோடு முடிந்தது. பிள்ளைகளை இளம் வயதிலேயே சேர்த்துப் பழக்கும் தேசியத் திட்டம் ஒன்று அதற்குள் தொடங்கப்பட்டிருந்தது. பகாங் மாநிலத்து கம்பாங்கில் மொக்தார் டஹாரி பெயரில் பயிற்சிக்கூடமும் எழுந்தது. மறுபடியும் கன்றிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

சரி, நம் தோட்டத்துத் திடலுக்குத் திரும்புவோம். ஐம்பது பிள்ளைகள்கூட இல்லாத தோட்டப் பள்ளிகள் உண்டு. அங்கே ஒன்பது பேரைச் சேர்ப்பதே பெரும்பாடு. மாற்ற ஆள் ஏது? பெரியவர்கள் குழுவிலும், ஆலைக்கும் சிங்கப்பூருக்கும் வேலைக்குப் போனவர்கள் போக, ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற ஆளே ஆள். ஆகவே யாரையாவது நிறுத்துமுன் நாம் ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து பார்க்கிறோம். விழுந்த கோல்கள் எந்த நேரத்தில் விழுந்தன? கடைசிப் பத்து நிமிடத்தில் என்றால் மூச்சுப் பயிற்சி போதவில்லை. ஒரே பக்கமாகவே விழுந்தனவா? அங்கே நிற்கிறவனுக்கு உதவி இல்லை, அல்லது அவனுக்கு அந்த இடம் பொருந்தவில்லை. இடம் மாற்றிப் பார்க்கலாம். மூன்று வாரம் பழக்கியும் அதே பிழை அதே ஆளிடம் வருகிறதா? பயிற்சியில் வெளியே இருக்கிற பிள்ளை உள்ளே இருக்கிறவனைத் தொடர்ந்து முந்துகிறானா? இந்த இரண்டுக்கும் ஆம் என்று விடை வந்தால் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. அப்பா யார், மாமா யார் என்றும் பார்க்கக் கூடாது.

நிறுத்தப்படும் பிள்ளையிடம் முதல் நாளே, தனியே அழைத்து, காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பெயர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டி அவனே தெரிந்துகொள்ளட்டும் என்று விடுவதில்லை. பயிற்சிக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும் என்றும் சொல்கிறோம். பெற்றோர்களும் அன்று மாலை வீட்டில் அவனைக் கேலி செய்யாமல் இருந்தால் அவன் வருவான். இல்லாவிட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலிக்கு அப்பால் போய்விடுவான்.

இப்போது சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கு மூன்றாம் ஆண்டுப் பிள்ளைகள் சிலரும் வருகிறார்கள். வெளியே ஓடும் பந்தை எடுத்துப் போடுவது அவர்கள் வேலை. கடைசிக் கால் மணி நேரம் அவர்களையும் பெரிய பிள்ளைகளோடு உள்ளே விடுகிறோம். அவர்களில் ஒரு பெண் பிள்ளைக்கு இடது கால் நன்றாக ஓடுகிறது.